ஸ்கேல் எங்கே இருந்தது?

பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டர் என்று தெரிந்ததும் ஆட்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பல்லைப் பற்றித்தான். எத்தனை வருஷம் ஆகும், சாப்பிட முடியுமா, நல்ல பல் நாலைப் பிடுங்கணும்கிறாங்களே அது அவசியமா? மண்டையோட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன் நாங்கள் உட்கார்ந்து பார்ப்பது மண்டையோட்டைத்தான். பல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று ஒரு பிள்ளையை அழைத்துவருவார்கள். மேல்தாடை முன்னால் வந்திருக்கிறதா, கீழ்த்தாடை பின்தங்கிவிட்டதா, இல்லை இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கப் பல் மட்டும் சாய்ந்திருக்கிறதா என்பது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் தெரியாது. தலையைப் பக்கவாட்டில் நிறுத்தி எக்ஸ்ரே எடுத்து, எலும்பை அளந்து பார்க்க வேண்டும். சீட்டில் லேட்டரல் செஃபலோகிராம் என்று எழுதுவோம். பேச்சில் செஃப்.

அளந்து பார்க்க வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். படத்தில் வரும் மில்லிமீட்டர் எதனுடைய மில்லிமீட்டர் என்ற கேள்வி, படித்த நாளிலிருந்து என்கூடவே வந்துகொண்டிருக்கிறது.

நான் சென்னையில் எம்.டி.எஸ். படித்தது 1990களில். டிபார்ட்மென்ட்டின் கோடியில், டார்க் ரூமை ஒட்டிய நீள அறையில் செஃப் மெஷின் இருந்தது. ஒரு முனையில் எக்ஸ்ரே டியூப். எதிர்முனையில் தலையை நிறுத்தும் சட்டம், அதற்குப் பின்னால் ஃபிலிம் கேசட். சட்டத்திலிருந்து இறங்கும் இரண்டு தண்டுகளின் குமிழ் முனைகள் பிள்ளையின் இரண்டு காதுத் துளைகளிலும் போய் உட்காரும். மூன்றாவது தண்டு நெற்றியும் மூக்கும் சேரும் பள்ளத்தைத் தொட்டு நிற்கும். அதோடு சேர்த்து ஒரு சின்ன உலோக ஸ்கேல் செங்குத்தாகப் பொருத்தியிருந்தது. பத்து மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு, மொத்தம் 50.

படம் எடுக்கும் அண்ணன் பிள்ளைகளிடம் பேசும் பேச்சு எனக்கு இன்றும் மனப்பாடம். "காதுல குத்தாது தம்பி, சும்மா தொட்டுட்டு நிக்கும். நேரா அந்தக் கண்ணாடியைப் பாரு. கடவாய்ப் பல்லைக் கடிச்சுக்கோ. உதட்டை இறுக்காதே. எச்சில் முழுங்காதே... அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு." ஃபிலிமைக் கழுவி ஹேங்கரோடு வெளியே கொண்டுவந்ததும் அவர் பார்ப்பது பல்லையோ தாடையையோ அல்ல, காதுப் பக்கத்தை. ஒரு குமிழில் உலோக வளையமும் இன்னொன்றில் உலோக மணியும் பதித்திருக்கும். படத்தில் வளையத்தின் நடுவே மணி விழுந்திருந்தால் டியூபும் இரண்டு காதும் ஒரே கோட்டில் நின்றன என்று அர்த்தம். விலகியிருந்தால், "மெஷின் தள்ளிருச்சு டாக்டர்" என்று சொல்லி ஸ்பேனரைத் தேடப் போவார். அவர் எந்தப் புத்தகத்தையும் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. ஆனால் எங்கள் அளவுகளுக்கெல்லாம் முதல் காவல் அவர்தான்.

காய்ந்த ஃபிலிம் எங்கள் கைக்கு வரும். எட்டுக்குப் பத்து அங்குலம். வியூ பாக்ஸில் மாட்டி, மேலே மங்கலான அசிடேட் ஷீட்டை வைத்து ஓரத்தில் டேப் ஒட்டி, நன்றாகச் சீவிய 3எச் பென்சிலால் எலும்பின் ஓரங்களை வரைய வேண்டும். இதற்கு ட்ரேசிங் என்று பெயர். பக்கத்தில் கசியும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் கறுப்புச் சார்ட் பேப்பரில் ஜன்னல் வெட்டிச் சுற்றிலும் மறைத்துக்கொள்வோம். மண்டையின் நடுவில் சின்னக் குழிபோல் தெரிவது செல்லா. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடம் நாசியான். மேல்தாடையின் முன்வளைவில் மிக உள்வாங்கிய புள்ளி ஏ, கீழ்த்தாடையில் அதற்கு ஈடானது பி. முகவாயின் அடிப்புள்ளி மென்டான். இவற்றை வைத்துக் கோடு போட்டு, புரோட்ராக்டரால் கோணமும் ஸ்கேலால் நீளமும் எடுப்போம்.

கீழ்த்தாடையின் பின்பக்கத்துக்கு வரும்போதுதான் தொல்லை. தாடையின் அடியோரம் ஒற்றைக் கோடாகத் தெரியாது, இரண்டு கோடாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே சராசரியாக ஒரு கோடு போடு என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். போட்டோம். ஏன் இரண்டு என்று கேட்டால், ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம் என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுள்ள தாடையில் அவை ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டாமா என்று கேட்டால், "சாரைக் கேளு" என்றார்கள்.

சார் எதற்கும் நேரடியாகப் பதில் சொல்கிறவர் அல்ல. என் ட்ரேசிங்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாசியான்லேர்ந்து மென்டான் 123ன்னு போட்டிருக்கியே, அது யாரோட மில்லிமீட்டர்?" என்றார். "பேஷன்ட்டோடது சார்." "இல்ல. ஃபிலிமோடது. பேஷன்ட்டோடது வேணும்னா அனாடமில போய் ஒரு மண்டையோடு வாங்கிட்டு வா."

வாங்கி வந்தோம். கீழ்த்தாடையை ரப்பர் வளையம் போட்டு மேலோடு பிணைத்தோம். எங்களிடம் கம்பிக்கா பஞ்சம்? ஒரே நீளத்தில், சரியாக 50 மில்லிமீட்டருக்கு, மூன்று துண்டு வெட்டினோம். ஒன்றைத் தாடையின் இடதுபுறச் செங்குத்துப் பகுதியிலும் இன்னொன்றை வலதுபுறத்திலும் மெழுகு வைத்து ஒட்டினோம். மூன்றாவதை முகத்தின் நடுக்கோட்டில், மூக்கெலும்புக்கு முன்னால் நிற்கும்படி பொருத்தினோம். இடது வலது அடையாளம் தெரிவதற்காக இடதுபக்கத் துண்டின் நுனியைக் கொக்கியாக வளைத்துவிட்டோம், வளைவு போக மிச்சம் 50 வரும்படி. நாசியானிலும் மென்டானிலும் கடுகளவு உருக்குத் துணுக்கு. வெர்னியர் காலிப்பரால் இரண்டுக்கும் இடையே அளந்தால் 112. பிறகு மண்டையோட்டைக் காதுத் தண்டுகளில் ஏற்றி, இடதுபக்கம் ஃபிலிமை நோக்கி இருக்குமாறு நிறுத்திப் படம் எடுத்தோம். அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "இவருக்கு எச்சில் முழுங்காதேன்னு சொல்ல வேண்டியதில்ல."

ஈரம் காயும்வரை பொறுக்க முடியாமல் ஃபிலிமை அப்படியே வியூ பாக்ஸில் வைத்து அளந்தோம். இடதுபக்கக் கம்பி 53 சொச்சம். நடுக்கம்பி 55. வலதுபக்கக் கம்பி ஏறக்குறைய 57. வெர்னியரில் 112 காட்டிய முகநீளம் படத்தில் 123. ஒரே கட்டரில் வெட்டிய மூன்று கம்பிகள், மூன்று நீளத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சார் வந்து பார்த்தார். "இப்ப கணக்குப் போடு" என்று மட்டும் சொன்னார்.

கணக்கு பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணம்தான். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால் நிழல் கையைவிடப் பெரிதாக விழும். கையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் இன்னும் பெரிதாகும், சுவரோடு ஒட்டவைத்தால் கையளவுக்கு வந்துவிடும். எக்ஸ்ரே டியூபின் கதிரும் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதுதான். எங்கள் மெஷினில் டியூபிலிருந்து தலையின் நடுத்தளம் 5 அடி, அதாவது 1524 மில்லிமீட்டர். நடுத்தளத்திலிருந்து ஃபிலிம் இன்னும் 150 மில்லிமீட்டர். ஆக, டியூபிலிருந்து ஃபிலிம் 1674. 1674ஐ 1524ஆல் வகுத்தால் 1.098. நடுத்தளத்தில் உள்ள எதுவும் படத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் பெரிதாக விழும். ஃபிலிமை நோக்கிய பக்கம் நடுத்தளத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அது 6 சதவீதம் சொச்சம் பெருக்கும். டியூபை நோக்கிய பக்கம் 13 சதவீதத்துக்கும் மேல். கம்பிகள் காட்டிய கணக்கும் இதே கணக்குதான். கீழ்த்தாடை ஏன் இரண்டு கோடாக விழுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நெற்றித் தண்டில் அந்தச் சின்ன ஸ்கேலை ஏன் மாட்டியிருக்கிறார்கள் என்பதும் கூடவே புரிந்தது. அது முகத்தின் நடுத்தளத்தில் நிற்கிறது. செல்லா, நாசியான், ஏ, பி, மென்டான் எல்லாம் இருக்கும் அதே தளம். அவை எவ்வளவு பெருக்குமோ அதே அளவு ஸ்கேலும் பெருக்கும். படத்தில் ஸ்கேலின் 50, 55ஆக விழுந்திருந்தால், படத்தில் அளந்த நீளத்தை 1.1ஆல் வகுத்தால் எலும்பின் உண்மையான நீளம் வந்துவிடும். இதுதான் எங்கள் தொழிலில் காலிபரேஷன். வேறு மாயம் எதுவும் இல்லை.

இந்த 5 அடி எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் தேடியதும் அந்த நாட்களில்தான். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில், பி. ஹாலி பிராட்பென்ட் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் உடற்கூறியல் பேராசிரியர் விங்கேட் டாடோடு சேர்ந்து மண்டையோடுகளை அளந்துகொண்டிருந்தார். காய்ந்த மண்டையோட்டை ஒரு சட்டத்தில் நிறுத்தித் துல்லியமாக அளக்க முடிகிறது. வளரும் குழந்தையின் மண்டையை அப்படி அளக்க முடியவில்லையே என்பது அவருடைய கவலை. மண்டையோட்டைப் பிடித்த சட்டத்தையே உயிருள்ள தலையைப் பிடிக்கும்படி மாற்றி, எக்ஸ்ரே டியூபை 5 அடி தூரத்தில் நிரந்தரமாக நிறுத்தி, 1931இல் தன் முறையை வெளியிட்டார். அதே 1931இல் ஜெர்மனியில் ஹாஃப்ராத் என்பவரும் இதே வேலையைத் தனியாகச் செய்து வெளியிட்டார்.

ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். தலையை எக்ஸ்ரே எடுப்பது 1931இல் யாருக்கும் புதிதாக இருந்திருக்காது. ஒவ்வொரு தடவையும் அதே தூரம், அதே நிலை என்பதுதான் புதிது. ஆறு வயதில் எடுத்த படத்தையும் பத்து வயதில் எடுத்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எலும்பு எங்கே வளர்ந்தது என்று பார்க்க முடிந்தது. போல்ட்டன் குடும்பத்தின் உதவியோடு கிளீவ்லாந்தில் பல ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வில் குழந்தைகளை வருஷம் வருஷமாகப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். தூரம் மாறாத வரைக்கும் பெருக்கமும் மாறாது. பெருக்கம் மாறாவிட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் குழப்பம் இல்லை. டியூபை இன்னும் தள்ளிவைத்தால் பெருக்கம் குறையுமே என்று கேட்கலாம். குறையும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும். படம் பதிய அதிக நேரம் பிடிக்கும், அதற்குள் பிள்ளை அசைந்துவிடும். 5 அடி என்பது இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

இத்தனையும் தெரிந்த பிறகு ஒரு சந்தேகம் வரவேண்டும், எனக்கும் வந்தது. படம் 10 சதவீதம் பெரிது என்றால், இத்தனை வருஷமாக உலகம் முழுக்கப் பார்த்த வைத்தியமெல்லாம் 10 சதவீதம் பிசகா? இல்லை. காரணம், எங்கள் அளவுகளில் முக்கியமானவை கோணங்கள். டவுன்ஸ் 1948இலும் ஸ்டைனர் 1953இலும் தந்த அனாலிசிஸ்கள் பெரும்பாலும் கோணத்தில் நிற்பவை. செல்லா-நாசியான் கோட்டுக்கும் நாசியான்-ஏ கோட்டுக்கும் இடையே 82 டிகிரி, பி-க்கு 80, இரண்டுக்கும் வித்தியாசம் 2. முக்கோணத்தை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் கோணம் மாறாது. படம் 10 சதவீதம் பெரிதாக இருந்தாலும் சரி, 13 இருந்தாலும் சரி, 82 என்பது 82தான்.

சின்ன மில்லிமீட்டர்களும் அவ்வளவாகக் கெடுவதில்லை. முன்பல் ஒரு கோட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்றால், 10 சதவீதப் பெருக்கத்தில் அது 4.4 ஆகும். இரண்டு பேர் ஒரே ஃபிலிமில் ஏ புள்ளியை வைக்கச் சொன்னால் அதைவிட அதிகமாக விலகுவார்கள். ஆகவே, ஸ்கேல் இல்லாவிட்டால் எல்லாம் பாழ் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நீளமான அளவுகளில்தான் அடி விழும். முகத்தின் உயரம், கீழ்த்தாடையின் முழு நீளம் போன்றவை 100ஐத் தாண்டுபவை. 10 சதவீதம் என்றால் அங்கே ஒரு சென்டிமீட்டர் போய்விடும். ஆபரேஷனுக்காக அளக்கும்போதும், இரண்டு காலத்துப் படங்களை ஒப்பிடும்போதும் அப்படித்தான்.

ஆபரேஷன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கீழ்த்தாடை அதிகமாக வளர்ந்து முன்னே நீண்டிருப்பவர்களுக்குத் தாடையை இரண்டு பக்கமும் பிளந்து பின்னால் தள்ளிப் பொருத்துவார்கள். அதற்கு முந்தைய வாரம் சர்ஜனும் நாங்களும் உட்கார்ந்து திட்டம் போடுவோம். ஒரு பக்கம் ட்ரேசிங். கீழ்த்தாடையைத் தனி அசிடேட்டில் வரைந்து கத்தரித்து, பின்னால் நகர்த்தி, பல் சரியாகச் சேரும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்போம். இன்னொரு பக்கம் அதே நோயாளியின் வாயில் அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் மாடல், ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றியது. அதையும் ரம்பத்தால் அறுத்து நகர்த்திப் பார்ப்போம். மாடல் வாயளவுக்கு வாயளவு. ட்ரேசிங் ஒன்றுக்கு ஒன்று புள்ளி ஒன்று. ட்ரேசிங்கில் 7 என்று வந்தால் மாடலில் 6.4க்குக் கிட்டேதான் வரும். ஸ்கேலைப் பார்த்துத் திருத்திக்கொண்ட டீமுக்கு இது ஒரு விஷயமே இல்லை. திருத்தாத டீம் பல் சேரவில்லையே என்று மாடலைக் குறை சொல்லும், அச்செடுத்தவரைக் குறை சொல்லும். ஆபரேஷன் தியேட்டரில் தாடையை நிறுத்த உதவும் அக்ரிலிக் ஸ்பிளின்ட்டை மாடலில் வைத்துச் செய்வதால் கடைசியில் பெரும்பாலும் பிளாஸ்டரின் பேச்சுதான் நிற்கும். ஆனாலும் இரண்டு எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தெரியாமல் கத்தியை எடுக்கும் சர்ஜனை நான் பார்த்ததில்லை. விடைதெரியும் வரை எங்களை எழுந்திருக்கவிடமாட்டார்கள்.

மதுரையில் சொந்தமாக கிளினிக் ஆரம்பித்த பிறகு, மெஷின் என் கையில் இல்லை. சீட்டு எழுதிக்கொடுத்தால் பிள்ளை ஏதாவது எக்ஸ்ரே சென்டரில் எடுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு சென்டரிலும் ஒவ்வொரு மெஷின், ஒவ்வொரு தூரம். சில படங்களில் நெற்றித் தண்டே இருக்காது. "படத்தில் ஸ்கேல் தெரிய வேண்டும்" என்று சீட்டில் அடிக்கோடிட்டு எழுத ஆரம்பித்தேன். சில நாளில் ஒரு சென்டரிலிருந்து போன். "மேடம், ஸ்கேல் கேட்டிருந்தீங்கள்ல, வெச்சுட்டோம். இனிமே எல்லாப் படத்துலயும் வரும்." குரலில் பெருமை தெரிந்தது. படத்தை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலின் கோடுகள் கூர்மையாக விழுந்திருந்தன. அளந்தேன். 50 மில்லிமீட்டர், அச்சு அசலாக 50. ஒரு சொட்டுக்கூடப் பெருக்கம் இல்லை.

நேரில் போய்ப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கேசட்டின் முகத்திலேயே ஸ்கேலை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஃபிலிமோடு ஒட்டிய பொருள் எப்படிப் பெருக்கும்? ஸ்கேல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஃபிலிமின் அளவைத்தான் சொல்லியது, முகத்தின் அளவை அல்ல. அதை நம்பிக் காலிபரேட் செய்தால் ஸ்கேலே இல்லாத படத்தில் அளந்த அதே எண்கள்தான் வரும், கூடவே 'ஸ்கேல் வைத்து அளந்தது' என்ற தைரியமும் சேர்ந்து வரும். டெக்னீஷியன் பையனிடம் சொன்னேன். "தம்பி, ஸ்கேல் இருந்தா மட்டும் போதாது. மூக்குக்கு நேரா, முகத்தோட நடுவுல நிக்கணும். கன்னத்துல ஒட்டினா ஒரு கணக்கு, கேசட்ல ஒட்டினா ஒரு கணக்கு." அவன் கெட்டிக்காரன். சீக்கிரத்திலேயே நெற்றித் தண்டுக்குச் சொல்லி வரவழைத்துவிட்டார்கள். பழைய படங்களுக்கு மெஷினின் தூரங்களை டேப் வைத்து அளந்து, பெருக்கம் எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கவரின் மேலும் பென்சிலால் எழுதிவைத்தேன்.

பிறகு டிஜிட்டல் வந்தது. டார்க் ரூம் போனது, டெவலப்பர் வாசனை போனது. பழைய ஃபிலிம்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி, அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே ஒரு புள்ளி 0.085 மில்லிமீட்டர். சாஃப்ட்வேர் அதை 150 டிபிஐ என்று நினைத்துக்கொண்டால் எல்லா நீளமும் இரட்டிப்பாகும். அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. முகநீளம் 240 என்று வந்தால் எந்த மாணவனும் திடுக்கிட்டு எழுந்துவிடுவான். பெரிய தப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். 10 சதவீதத் தப்புதான் பார்வைக்கு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். 123 மில்லிமீட்டர் முகமும் உலகத்தில் உண்டுதானே.

நேரடி டிஜிட்டல் மெஷினில் எடுத்த படம் டைகாம் ஃபைலாக வந்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற விவரம் அதற்குள்ளேயே இருக்கும். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த எண் சென்சாரின் தளத்துக்கு உரியதாக இருக்கலாம், முகத்தின் நடுத்தளத்துக்குத் திருத்தியதாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டால், கேசட்டில் ஒட்டிய ஸ்டீல் ஸ்கேலின் கதைதான் மறுபடியும். இதில் பாதி சென்டர்கள் டைகாமைக் கொடுப்பதும் இல்லை. ஜேபெக் ஆக மாற்றி அனுப்பிவிடுவார்கள். மாற்றும்போது அளவு விவரம் கழன்றுபோகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமே சுருங்கிவிடும். அப்போது நம் கையில் மிஞ்சுவது படத்துக்குள்ளேயே விழுந்திருக்கும் அந்த ஸ்கேல் ஒன்றுதான். படத்தைச் சுருக்கினால் அதுவும் கூடவே சுருங்கும், பெருக்கினால் பெருகும். கடைசிவரை கூடவரும் ஒரே சாட்சி அது.

அந்தச் சாட்சியையும் சாய்க்கும் வழிகள் உண்டு. வியூ பாக்ஸில் மாட்டிய ஃபிலிமைச் சாய்வாக நின்று போனில் படம்பிடித்து அனுப்புகிறார்கள். சிலர் ரிப்போர்ட்டில் ஒட்டும்போது பக்கத்துக்குப் பொருந்தட்டும் என்று ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். அகலவாக்கில் 5 சதவீதம் இழுத்தால் 45 டிகிரிக் கோணம் 43.6 ஆகிவிடும். பெருக்கத்துக்கு அசையாத கோணம் இழுப்புக்கு அசைந்துவிடும். செங்குத்தாக நிற்கும் ஸ்கேல் அகலவாக்கில் நடந்த இழுப்பைக் காட்டிக்கொடுக்காது. அதனால் படம் வந்ததும் காதுப் பக்கத்து வளையத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வட்டம் வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா? சென்னையில் அண்ணன் முதலில் பார்த்த அதே இடம், இப்போது வேறு காரணத்துக்காக.

ஒரு கல்லூரியில் கேஸ் டிஸ்கஷனுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பையன், கீழ்த்தாடை பின்தங்கியவன். தாடையை முன்னால் நிறுத்தி வளரவைக்கும் அப்ளையன்ஸை ஒரு வருஷம் மாட்டியிருந்தான். மாணவி ஸ்லைடு போட்டாள். முன்பு கீழ்த்தாடை நீளம் 105, இப்போது 113. ஒரே வருஷத்தில் 8 மில்லிமீட்டர். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அதே அட்டவணையின் மேல்வரியில் செல்லா-நாசியான் தூரம் இருந்தது. முன்பு 73.5, இப்போது 77.5. மண்டையின் அடித்தளத்தில் இருக்கும் அந்தத் தூரம் அந்த வயதில் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வது கஷ்டம். தாடைக்கு மாட்டிய அப்ளையன்ஸ் மண்டைக்குள் போய் 4 மில்லிமீட்டர் வளர்த்துவிடுமா?

"இரண்டு படமும் ஒரே மெஷினாம்மா?" என்று கேட்டேன். "இல்ல மேடம். முதல் படம் இங்க எடுத்தது. அடுத்தது அவங்க ஊர்ல எடுத்துட்டு வந்தாங்க." படங்களைத் திரையில் போடச் சொன்னேன். நல்லவேளை, இரண்டிலும் நெற்றிப் பக்கத்தில் ஸ்கேல் இருந்தது. முதலாவதில் 50 என்பது 54ஆகவும் இரண்டாவதில் 56.5ஆகவும் விழுந்திருந்தது. ஒன்றில் 8 சதவீதப் பெருக்கம், இன்னொன்றில் 13. அவளே போனை எடுத்து வகுத்தாள். 105 என்பது 97 ஆனது. 113 என்பது 100 ஆனது. வளர்ச்சி 3 மில்லிமீட்டர். எதையும் மாட்டாத பையனுக்கும் அந்த வயதில் வரக்கூடியதுதான். செல்லா-நாசியான் 68இலிருந்து 68.5. பையனின் முகம் நன்றாகத்தான் மாறியிருந்தது, பல்லும் சேர்ந்திருந்தது. ஆனால் அது தாடை 8 மில்லிமீட்டர் வளர்ந்ததால் அல்ல. கூட்டத்தில் அதன் பிறகு நடந்த பேச்சுதான் உண்மையான பேச்சு. பல் எவ்வளவு நகர்ந்தது, எலும்பு எவ்வளவு வளர்ந்தது, இதில் எதை நாம் செய்தோம், எதை வயது செய்தது? முதலில் சொன்ன 8 அப்படியே நின்றிருந்தால் இந்தக் கேள்விகள் எழுந்தே இருக்காது.

இப்போதெல்லாம் படத்தை ஏற்றிய சில வினாடிகளில் சாஃப்ட்வேரே செல்லாவிலிருந்து மென்டான் வரை எல்லாப் புள்ளிகளையும் வைத்துவிடுகிறது. நாங்கள் பென்சில் சீவிய நேரத்துக்குள் முழு அனாலிசிஸும் அச்சாகிவிடும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை; புள்ளிகளைப் பெரும்பாலும் சரியாகவே வைக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் அது நின்று நம்மைக் கேட்கும். ஸ்கேலில் இரண்டு புள்ளியைத் தொடு, இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல். அவசரக்காரர்கள் கண்ணில் பட்ட ஏதோ இரண்டு கோட்டைத் தொட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். பக்கம் பக்கமாக, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு மில்லிமீட்டர்கள் கொட்டும்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஸ்கேல் இல்லாத படமா, மெஷினின் தூரமும் தெரியாதா? கோணங்களை எழுது. நீளத்துக்கான கட்டத்தில் 'ஸ்கேல் இல்லை' என்று எழுதிவிட்டு விடு. அந்த ஒரு கட்டத்துக்காகப் பிள்ளையை மறுபடி எக்ஸ்ரேக்கு அனுப்பாதே. "மேடம், தோராயமா 10 பர்சென்ட் கழிச்சுப் போட்டுடலாமே?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அந்த மெஷின் 8ஆக இருக்கலாம், 13ஆகவும் இருக்கலாம். நீ தோராயமாகப் போட்டது ரிப்போர்ட்டில் தோராயம் என்று தெரியாது. நாளைக்கு அந்தப் பையன் வேறு ஊருக்குப் போவான், வேறு டாக்டர் இந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார். கட்டம் காலியாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்த இடத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார். எண் இருந்தால் விசாரிக்கமாட்டார்.